சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த இரும்பு

சென்ற வாரம் மீனா போன் செய்தார். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் எங்கள் தொல்லியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். கெட்டிக்காரர், பொறுமை மட்டும் கொஞ்சம் குறைவு. அந்த வகையில் என்னைப் போல. பழைய அகழாய்வுகளின் கணினிப் பதிவுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்க்கும் வேலையை இப்போது அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

"சார், நம்ம பழைய ஃபைல் எல்லாத்துலயும் கடைசியில 'ஏன் மாற்றினோம்'னு ஒரு கட்டம் வருது. முக்கால்வாசி காலியாத்தான் கெடக்கு. அதைத் தூக்கிட்டா என் வேலை சுலபமாயிடும். தூக்கிடட்டுமா?"

"அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சமாதானம் சொல்லி வைத்தேன். எழுத உட்கார்ந்தால் கை எங்கெங்கோ போகிறது. முடிந்தவரை நேராகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் படித்தது டிராப்ட்ஸ்மேன் படிப்பு. பொன்னேரியில் நாலு பேருக்கு வீட்டுப் பிளான் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று இருந்தவனை, வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கார்டு மண்ணுக்குள் தள்ளிவிட்டது. இருபது வருஷம் குழிகளின் ஓரத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, பானை ஓட்டையும் மண் அடுக்கையும் மசிப் பேனாவால் வரைந்தேன். நூல் கட்டி, டேப் பிடித்து, கல்லைக் கல்லாக வரைய வேண்டும். என் கோடு நடுங்காது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

அப்புறம் டோட்டல் ஸ்டேஷன் வந்தது. மூன்று கால் மேல் நிற்கும் அளவைக் கருவி. கண்ணாடிப் பிரிசம் மாட்டிய கோலை ஒருவர் வேண்டிய புள்ளியில் நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பார். இந்தப் பக்கம் நான் கருவியின் கண் வழியாகப் பார்த்து ஒரு பித்தானை அமுக்கினால் தூரம், திசை, உயரம் மூன்றும் உள்ளே ஏறிவிடும். சாயங்காலம் லேப்டாப்பில் இறக்கினால் படம் தானாக வந்து நிற்கும். ஒரு நாள் வேலை அரை மணியில் முடிந்தது. பத்து நாள் பயிற்சிக்குப் போன நான், டேப்பைத் தொடுவதையே இழுக்காக நினைக்கிற ஆளாகத் திரும்பி வந்தேன்.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகள் நெடுஞ்சாலையோடு புதுவாயல் வரைக்கும் இறங்கி வந்துகொண்டிருந்த நேரம். சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கிடங்கு கட்டுவதற்காக வாங்கிய நிலத்தை ஜேசிபி வைத்து நிரவியபோது பெரிய பெரிய கற்கள் வட்டமாகத் தலைகாட்டின. இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்து, மேலே கல்லை வட்டமாக அடுக்கிய பழங்கால ஈமக்காடு அது. கட்டடம் எழும்பும் முன் தோண்டிப் பார்த்துப் பதிவு செய்து, எந்த இடத்தைத் தொடாமல் விடவேண்டும் என்று நாங்கள் வரைபடம் போட்டுத் தர வேண்டும். நிலத்துக்குக் கிழக்கு எல்லையில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலை ஒன்றின் மதில். மேற்கு எல்லையை ஒட்டி ஏழெட்டு வீடுகள். ஆலைச் சங்கு ஊதினால் எங்களுக்கும் சாப்பாட்டு நேரம்.

பொறுப்பு அதிகாரி திலகவதி மேடம். என்னைவிட ஆறு வயது சின்னவர். முதல் நாள் காலை எங்கள் எல்லாருடைய ரப்பரையும் கேட்டு வாங்கி, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார்.

"தப்பா எழுதலாம், பரவாயில்லை. அழிக்கக் கூடாது. மேல ஒரே ஒரு கோடு போடுங்க, அடியில இருக்கறதைப் படிக்க முடியணும். பக்கத்துல சரியானதை எழுதி, கையெழுத்து, தேதி, ஏன் மாத்தினீங்கன்னு ஒரு வரி. தோண்டினதை மறுபடியும் தோண்ட முடியாது பாருங்க. நாம எழுதினதுதான் மிஞ்சும்."

அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஒருவர் எண்ணைச் சொன்னால் எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேடமே பக்கத்தில் வந்து நின்று, அது காதில் விழும்வரை காத்திருப்பார். ஒவ்வொரு பொருளுக்கும் குழி எண், அடுக்கு எண், வரிசை எண் எழுதிய சீட்டு ஒன்று பைக்குள், ஒன்று பைக்கு வெளியே. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். துடைக்க ஆரம்பித்தால் முகாமே அடங்கிவிடும். எனக்கு அது அப்போது எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணினி யுகத்தில் ரப்பருக்கு என்ன இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன்.

பிரிசம் கோலைப் பிடிக்க முதலில் வந்த ஆள் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். ஆலைக்குள் போகும் லாரியை எல்லாம் திரும்பிப் பார்ப்பார். மேற்குப் பக்கத்து வீடுகளிலிருந்து மண் சுமக்க வந்தவர்களில் ஒருவர் காஞ்சனா. இரண்டு நாள் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"குடு சார் அதை. பாக்கிங் கம்பெனில எட்டு மணி நேரம் பெல்ட்டு முன்னால நின்னவ நானு. இன்னா ஒரு கோலு, இதைப் புடிக்க மாட்டனா?"

பிடித்தார். கோலில் இருந்த ரசமட்டத்துக் குமிழி நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றது. அன்றிலிருந்து அந்த நிலத்தில் நான் அளந்த புள்ளி ஒவ்வொன்றின் மேலும் காஞ்சனா நின்றிருக்கிறார். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் தவறு. டோட்டல் ஸ்டேஷனுக்கு வடக்கு எது என்று தானாகத் தெரியாது. முதல் நாள் நாம்தான் திசைகாட்டி வைத்துப் பார்த்துச் சொல்லித்தர வேண்டும். நாங்கள் ஆரம்பப் புள்ளியாக எடுத்துக்கொண்டது வருவாய்த் துறை நட்ட எல்லைக்கல். அது கிழக்கே ஆலை மதிலின் அடியில் இருந்தது. திசைகாட்டி முள் இரும்பைக் கண்டால் அதன் பக்கம் இழுபடும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. எனக்கு அதில் ஒரு சடங்கே உண்டு. சாவிக்கொத்தை எடுத்துப் பத்தடி தள்ளி வைத்தேன். கைக்கடிகாரம், பெல்ட்டு, பேனாக் கத்தி எல்லாவற்றையும் கழற்றினேன். மண்வெட்டி வைத்திருந்தவர்களை எல்லாம் அந்தக் கோடிக்கு விரட்டினேன்.

"சார், தோடு மட்டும் இருக்கலாமா?" என்றார் காஞ்சனா.

"தங்கம்னா இருக்கலாம்."

"தோ போறேன் சார்" என்று சிரித்துக்கொண்டே அவரும் தள்ளிப் போனார்.

முள் ஆடி நின்றது. அதுதான் வடக்கு என்று கருவிக்குள் ஏற்றினேன். மதிலுக்கு அந்தப் பக்கம், என் முழங்கையிலிருந்து நாலு மீட்டர் தூரத்தில், உருக்குவதற்காகக் கொட்டிய பழைய இரும்பு மதிலைவிட உயரமாகக் குவிந்து கிடந்தது. தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண்ணில் படுகிற குவியல். இருபது வருஷமும் ஆற்றங்கரையிலும் மலையடிவாரத்திலும் திசைகாட்டி பிடித்தவன் நான். இரும்பு என்றால் என் சட்டைப்பையில் இருப்பது என்று பழகிவிட்டது.

ஏழு வட்டங்களை அளந்தோம். படம் அச்சில் ஏற்றியது போல வந்தது. அதை வருவாய்த் துறை வரைபடத்தின் மேல் பொருத்தினேன். இரண்டுக்கும் பொதுவான புள்ளி எல்லைக்கல். அதன் மேல் அதை வைத்து, வடக்கோடு வடக்கைச் சேர்த்தால் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தது. மேற்கு ஓரத்தில் இருந்த ஏழாவது வட்டம் வீடுகள் இருந்த பகுதிக்குள் விழுந்தது; அந்த வரைபடத்தில் வீடுகள் வரையப்படாததால் எங்களில் யாருக்கும் உறுத்தவில்லை. தோண்டிய இடம் பின்னால் தெரிய அடையாளமாகக் குழிகளின் அடியில் நீலநிற பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடி நிரவியாகிவிட்டது. மேலே நின்று பார்த்தால் வெறும் பொட்டல். மேடம் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார். அது தாலுகா அலுவலகத்துக்குப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து, புதுவாயலில் வாடகைக்கு எடுத்திருந்த முகாம் வீட்டில் பானை ஓடுகளைக் கழுவி எண் போட்டுக்கொண்டிருந்தோம். காஞ்சனா ஒரு தாளோடு உள்ளே வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"சார், ஊட்டாண்ட நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாங்கோ. என் ஊட்டுக்குக் கீழ ஏழாவது வட்டம் கீதாம். பதினஞ்சு நாள்ல பதில் சொல்லணுமாம், இல்லாங்காட்டி காலி பண்ணணுமாம். எப்புடி சார்? ஏழாவதுக்கு நான்தானே கோலு புடிச்சேன்? நான் இன்னா என் அடுப்பு மேலயா நின்னுகினு இருந்தேன்?"

அவரும் அவர் கணவரும் ஒன்பது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. தளம் போட்டது அந்தப் பொங்கலுக்குத்தான். எங்கள் எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தின்றவன் சொன்ன பதில் இது: "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா. மண்ணை மூடினதுல உங்களுக்கு இடம் குழம்பியிருக்கும்."

மேடம் வரைபடத்தை விரித்தார். அளவுகோலை வைத்து இரண்டு முறை பார்த்தார். "படத்துல அப்படித்தான் வருது காஞ்சனா. உங்களுக்கு வேற இடம் தரணும்னு நானே எழுதறேன்" என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

"வேற இடம் வாணாம் மேடம். நான் நின்ன இடம் எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை கூட்டுச்சாலைக் கடையில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தவன் அப்படியே நிறுத்தினேன். ஏழாவது வட்டத்தை அளந்த நாள் கண்ணுக்குள் வந்தது. கருவியின் கண்ணில் காஞ்சனா கோலோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு சுவர், சுவரோரம் கொடியில் காயும் சிவப்புப் புடவை. "உங்க புடவைதான் பளிச்சுனு தெரியுது, பிரிசம் தெரியல" என்று நானே கத்தியிருக்கிறேன். அது அவர் வீட்டின் பின்சுவர். தன் வீட்டின் மேல் நிற்கிறவருக்குப் பின்னால் அந்த வீட்டுப் புடவை எப்படிக் காயும்?

இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். காஞ்சனாவை அழைத்துக்கொண்டு நிலத்துக்குப் போனேன். அவர் எதையும் அளக்கவில்லை. தன் வீட்டுப் பின்சுவரைப் பார்த்தார், ஆலைப் புகைபோக்கியைப் பார்த்தார், பத்துப் பதினைந்து அடி நடந்து நின்றார். "இங்க" என்றார். நான் வெட்டினேன். முழங்கை ஆழம் போனதும் மண்வெட்டி முனையில் நீலம் தெரிந்தது. நாங்கள் விரித்த பிளாஸ்டிக் விரிப்பு.

எல்லைக்கல்லிலிருந்து டேப் பிடித்தேன். எழுபது மீட்டர். படத்திலும் அதே எழுபது. தூரம் சரி, திசைதான் தப்பு. கல்லுக்குப் பக்கத்தில் திசைகாட்டியை வைத்தேன். பிறகு அதைக் கையில் ஏந்தியபடி மதிலை விட்டு விலகி நடந்தேன். நடக்க நடக்க முள் மெதுவாகத் திரும்பிக்கொண்டே வந்தது. பதினோரு டிகிரி திரும்பி, அதற்கு மேல் அசையவில்லை. மொத்தப் படமும் எல்லைக்கல்லை அச்சாக வைத்துத் திரும்பியிருக்கிறது. கல்லின் பக்கத்தில் கையகலம்தான் வித்தியாசம். ஏழாவது வட்டத்துக்கு வரும்போது பதின்மூன்று மீட்டர், ஒரு வீட்டையே தாண்டுகிற அளவு.

காஞ்சனா மதிலுக்கு மேல் தெரிந்த இரும்புக் குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போ சார்! உன் சாவிய மட்டும் கழட்டி வெச்சியே!" என்று சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே அந்த மண்மேட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

இதற்கு அப்புறம் நான் செய்ததைத்தான் மீனாவுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். முகாமுக்குத் திரும்பி லேப்டாப்பைத் திறந்தேன். எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்தெடுத்து, பதினோரு டிகிரி திருப்பு என்று ஒரே கட்டளை. இரண்டு நிமிஷத்தில் ஏழு வட்டமும் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தன. பழைய படத்தின் மேலேயே சேமித்தேன். தவறு நடந்த சுவடே இல்லை. புதுப் படத்தை அச்செடுத்து மேடத்தின் மேஜையில் வைத்து, "சின்னத் திருத்தம் மேடம், மாத்தி அனுப்பிடலாம். காஞ்சனா வீடும் தப்பிச்சுடும்" என்றேன். இருபது வருஷத்தில் நான் பேசிய மிக மோசமான வாக்கியம் அதுதான்.

"என்ன ஆச்சு?" என்றார். சொன்னேன், இரும்பு உட்பட.

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம் மேடம்."

"பழைய படம் எங்க?"

"அது மேலயே சேமிச்சுட்டேன்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "ரப்பரை எல்லாம் வாங்கி வெச்சேன். உங்க கையில இவ்வளவு பெரிய ரப்பர் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை தேவசகாயம்" என்றார்.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நாளைக்குத் தாசில்தார் கேப்பாரு. போன படத்துல அந்த அம்மா வீட்டுக்குக் கீழ வட்டம் இருந்தது, இந்தப் படத்துல இல்லை. அந்த அம்மா நம்மகிட்ட வேலை பார்த்தவங்க. வேண்டியவங்களுக்காக வட்டத்தை நகர்த்திட்டாங்கன்னுதானே நினைப்பாரு? காரணம் இல்லாத திருத்தம் அவங்களைக் காப்பாத்தாது. இன்னும் மாட்டிவிடும்."

அவர் சொல்லும்வரை அது எனக்கு உறைக்கவே இல்லை. என் மானத்தை மூடிக்கொள்கிற அவசரத்தில், ஏழு வட்டமும் ஒரே அளவு திரும்பியிருந்தன என்று காட்டும் பழைய எண்களை, காஞ்சனாவுக்கு இருந்த ஒரே சாட்சியை, நானே அழித்திருந்தேன். நல்ல வேளையாக வாரக் கடைசியில் எடுத்த சிடி நகல் ஒன்று பீரோவில் இருந்தது. பழைய படத்தை அதிலிருந்து மீட்டேன். தவறான எண்களும் சரியான எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்படி அளவுப் புள்ளிகளின் பட்டியலை மாற்றினோம். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார். தலைப்பையும் அவரே சொன்னார்: 'ஏன் மாற்றினோம்'. அதை நிரப்பாமல் எந்த எண்ணையும் மாற்ற முடியாதபடி நான் வழி செய்தேன். பின்னால் எல்லா அகழாய்வுக் கோப்புகளுக்கும் அதுவே வழக்கமாயிற்று; எண் மாறாத வரியில் அது காலியாகவே இருக்கும்.

பிறகு தாலுகா அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். ஒரு பக்கம்தான். அளவீட்டில் பிழை, பிழைக்கான காரணம், அது எப்படித் தெரிந்தது, நேரில் வந்து சரிபார்க்க வேண்டுகோள். கீழே 'திலகவதி' என்று அவர் கையெழுத்து மட்டும். என் பெயர் எங்கும் இல்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். "படத்துல கையெழுத்து போட்டது நான்தானே?" என்று முடித்துவிட்டார்.

தாலுகா சர்வேயர் வந்தார். அவர் முன்னால் மறுபடி அளந்தோம், இம்முறை திசைகாட்டியை நிலத்தின் நடுவில் வைத்து. கோல் பிடித்தது காஞ்சனா. நீல விரிப்பை சர்வேயரே குனிந்து தொட்டுப் பார்த்தார். கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது நோட்டீஸ் ரத்தாகிவிட்டது. கிடங்குக்காரர்கள் முனகிக்கொண்டே தங்கள் சுற்றுச்சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். காஞ்சனா கடிதத்துக்கு ஒரு நகல் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டார்.

மேடத்திடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஒரு வருஷம் வரைக்கும் தலைமையகத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "வடக்கு எந்தப் பக்கம் தேவசகாயம்?" என்று விசாரித்தார்கள். அந்தப் பட்டியலின் முதல் வரிக்கு எதிரே காரணத்தை நிரப்ப வேண்டியவன் நான். நிரப்பி மூடி மேடத்திடம் கொடுத்தேன். அவர் அதை சிடியில் ஏற்றித் தலைமையகத்துக்கு அனுப்பினார். அடுத்த மாதம் எனக்கு வேறு அகழாய்வு; அவருக்கு வேறு மாவட்டம். அந்தக் கோப்பை நான் மறுபடி திறந்ததில்லை.

இதுவரை எழுதிவிட்டு, அந்த வரியில் நான் எழுதிய வார்த்தைகள் சரியாக நினைவில்லாததால் மீனாவுக்கே போன் செய்தேன். புதுவாயல் கோப்பைத் திறந்து முதல் வரியைப் படிக்கச் சொன்னேன். தேடி எடுத்துப் படித்தார்.

"'சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த இரும்பை நான் கணக்கில் எடுக்கவில்லை. கோல் பிடித்த காஞ்சனா இடம் தவறு என்று சொன்னார். நான் கேட்கவில்லை. தேவசகாயம்.' அவ்ளோதான் சார்."

"அதேதாம்மா. நன்றி" என்று வைக்கப் போனேன்.

"இருங்க சார், கீழ இன்னொரு வரி இருக்கு. இது உங்களுது இல்லை போல. பேருக்குப் பதிலா 'தி'னு ஒரே எழுத்து."

"படிங்க."

"'நானும் கேட்கவில்லை.'"